விளக்குமாற்றிலிருந்து டிராக்டர் வரை

வத்திராயிருப்புப் பக்கம் நீங்கள் போயிருக்கிறீர்களா? மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் அடியில் பிளவக்கல் அணைகளின் தண்ணீர் பாயும் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்து மானாவாரி நிலங்களில் பருத்தியும் மக்காச்சோளமும். இவற்றில் ஏதேனும் ஒரு வயலில், முதுகில் தெளிப்பானைச் சுமந்து ஒருவர் மருந்து அடித்துக்கொண்டு போவதை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்.

அவர் ஒரு நடையில் ஒரு மீட்டர் அகலத்திற்கு மருந்து அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேரை முடிக்க அவர் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். ஆகவே 10 கிலோமீட்டர்! முதுகில் 16 லிட்டர் தண்ணீர். ஒரு கை நெம்புகோலை அடிக்கிறது. மறு கை குழலைப் பிடிக்கிறது. அவரோ தாம் அடித்த மருந்துத் திவலைகளுக்குள்ளேயே நடந்து போகிறார்.

இந்தச் சுமையை டிராக்டரின் முதுகில் ஏற்றினால் என்ன? பட்டறை வசதி உள்ள உழவர்கள் பலருக்குத் தோன்றும் எண்ணம் இது. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ஒரு பம்பு, குறுக்கே நீண்ட இரும்புச் சட்டம், அதில் வரிசையாகச் சில நாசில்கள். ‘பூம் தெளிப்பான்’ என்பது இவ்வளவுதான். பார்க்க எளிய கருவி. ஆனால் இதற்குப் பின்னால் நூற்று நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

கருவி இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு இலங்கையே சாட்சி. அங்கே 1869ஆம் ஆண்டில் காப்பிச் செடிகளின் இலையில் துருநோய் தோன்றியது. அதைத் தடுக்க நல்ல மருந்தும் இல்லை, தெளிக்கக் கருவியும் இல்லை. சில பத்தாண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்து, அவை இருந்த இடத்தில் தேயிலை வந்தது. தமிழகத்திலிருந்து காப்பித் தோட்ட வேலைக்குப் போன ஏழைக் குடும்பங்களின் வாழ்க்கையையே ஒரு பூஞ்சைக் காளான் மாற்றிவிட்டது.

மருந்து கிடைத்தது பிரான்ஸ் நாட்டில், அதுவும் தற்செயலாக. போர்டோ நகரை அடுத்த திராட்சைத் தோட்டங்களில் சாலையோரக் கொடிகளின் மீது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைப்பார்கள். நோய்க்காக அல்ல, நீலம் பூத்த பழத்தைக் கண்டு வழிப்போக்கர்கள் பறிக்காமல் இருப்பதற்காக! அடிச்சாம்பல் நோயால் மற்றக் கொடிகள் இலை உதிர்த்து நின்றபோது, இந்தக் கொடிகள் மட்டும் பச்சையாக இருந்ததை 1882இல் மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். ஆராய்ந்து பார்த்து 1885இல் முடிவை வெளியிட்டார். இன்றும் நம் ஊர்த் தோட்டக்காரர்கள் சொல்லும் ‘போர்டோ கலவை’ இதுதான்.

இதை முதலில் எப்படித் தெளித்தார்கள் தெரியுமா? வாளியில் கரைத்து, சிறு விளக்குமாற்றைத் தோய்த்து உதறினார்கள்! ஓர் இலையில் சொட்டச் சொட்ட விழும். அடுத்த இலையில் ஒரு துளியும் இராது. ஆகவே மருந்து பிறந்த சில ஆண்டுகளிலேயே கருவியும் பிறந்தது. வெர்மோரெல் என்ற பிரெஞ்சுக்காரர், முதுகில் சுமந்தபடி கையால் பம்பு அடிக்கும் தெளிப்பானைச் செய்து விற்றார். இன்று நம் வயல்களில் காணும் கைத்தெளிப்பான் அதன் வழித்தோன்றலே. இந்தியாவில் மைசூர்ச் சமஸ்தானத்து விவசாய அறிஞர் கோல்மன், பாக்குக் குலைகளை அழுகச் செய்த கொளேரோகத்துக்கு எதிராகப் போர்டோ கலவையைப் பரப்பினார்.

தெளிப்பதில் அப்படி என்ன நன்மை? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சொட்டை, 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள திவலைகளாக உடைத்தால் ஆயிரம் திவலைகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு பத்து மடங்காகும். அதே மருந்து அதிக இடத்தை மூடும். ஆனால் திவலை மிகவும் சிறுத்துவிட்டால் இலையில் விழாமல் காற்றோடு போய்விடும். அடுத்த வயலுக்கும் போகும். அடிப்பவரின் மூக்குக்கும் போகும். நல்ல நாசிலின் வேலை இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது.

இனி டிராக்டருக்கு வருவோம். அதன் எஞ்சின் ஆற்றலைப் பின்னால் பூட்டிய கருவிக்குக் கொடுக்கும் சுழல்தண்டு 1918 வாக்கில் விற்பனை டிராக்டர்களில் இடம்பெற்றது. ‘பி.டி.ஓ.’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதையே. நிமிடத்துக்கு 540 சுற்று என்பது பின்னர் இதன் பொதுவான அளவாயிற்று. ஹாரி பெர்குசன் என்பவர் கருவியை மூன்று இடங்களில் பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் அமைப்பை உருவாக்கினார். 1936இல் அது விற்பனைக்கு வந்தது. அவர் பெயரைத் தாங்கிய மாசி பெர்குசன் டிராக்டர்களைச் சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் தயாரித்தது. சுழலும் தண்டு பம்பை ஓட்டும். மூன்று பிணைப்பு தொட்டியைச் சுமக்கும். பூம் தெளிப்பானுக்கு வேண்டியவை தயாராகிவிட்டன.

அதே காலத்தில் மருந்தும் மாறியது. டி.டி.டி. பூச்சிகளைக் கொல்வதை 1939இல் கண்டறிந்த பால் முல்லர் 1948இல் நோபல் பரிசு பெற்றார். நரம்பைத் தாக்கும் நஞ்சுகள் வயலுக்கு வந்தன. அவற்றின் தீங்கை ரேச்சல் கார்சன் 1962இல் நூலாக எழுதி உலகை எச்சரித்தார். இந்தியாவில் 1968இல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. ஆனாலும் 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தனர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பருத்தி நமக்கும் புதிதல்ல. 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு நம் மக்காச்சோளத்தையும் தாக்கியது. ஆகவே யவத்மால் செய்தி நமக்குத் தொலைதூரச் செய்தி அல்ல.

டிராக்டர் தெளிப்பான் ஆளை மருந்து மேகத்திலிருந்து ஓரளவு விலக்குகிறது. அதற்காகவே அது வரவேற்கத்தக்கது. ஆனால் கணக்கில்லாமல் செய்தால் அதுவே பெருந்தவறுக்கு வழி. எப்படி?

ஆறு மீட்டர்ச் சட்டத்தில் அரை மீட்டருக்கு ஒன்றாகப் பன்னிரண்டு நாசில்கள். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 0.8 லிட்டர் விடுகிறது, மொத்தம் 9.6 லிட்டர். டிராக்டர் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 100 மீட்டர் போனால், நிமிடத்தில் 600 சதுர மீட்டர் நனையும். ஹெக்டேருக்கு 160 லிட்டர் கலவை. எஞ்சின் வேகத்தை மாற்றாமல், கியரை மட்டும் இறக்கி மணிக்கு 4 கிலோமீட்டரில் போனால்? 240 லிட்டர்! தொட்டியில் கலந்த மருந்தின் அளவு அதேதான். நிலத்தில் விழுவதோ ஒன்றரை மடங்கு. ஒரு கியர் மாற்றத்தில் இவ்வளவு வேறுபாடு. அழுத்தத்தைக் கூட்டிச் சரிசெய்யலாம் என்று எண்ணாதீர்கள். நாசிலின் வெளியேற்றத்தை இரு மடங்காக்க அழுத்தத்தை நான்கு மடங்காக்க வேண்டும். அப்போது திவலை சிறுத்துக் காற்றில் பறக்கும்.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. தொட்டியில் வெறும் தண்ணீரை நிரப்புங்கள். இதுவரை மருந்து தொடாத புதுத் தெளிப்பானிலேயே இதைச் செய்யுங்கள். டிராக்டரை நிறுத்தி வைத்து, ஒவ்வொரு நாசிலுக்கும் அடியில் ஒரே அளவான பாத்திரம் வைத்து, ஒரு நிமிடம் பம்பை ஓட்டி அளந்து பாருங்கள். சராசரியிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகும் நாசில் தேய்ந்திருக்கிறது அல்லது அடைத்திருக்கிறது. அதை மாற்ற வேண்டும். அடைப்பை வாயால் ஊதி எடுக்கும் பழக்கம் உயிருக்கு ஆபத்து. சுழலும் தண்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டுவதும் அப்படியே. வேட்டி நுனி ஒன்று சிக்கினால் போதும்.

இன்னொன்று. வத்திராயிருப்பின் சேற்று வயலில் இந்தக் கருவி இறங்காது. தென்னை உயரத்துக்கு எட்டாது. இடைவெளி விட்டு விதைத்த மானாவாரிப் பயிருக்கே அது ஏற்றது. ஆகவே கைத்தெளிப்பான் உடனே மறையப் போவதில்லை. அதைச் சுமப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் வேண்டும். காற்று வீசும் திசை அறிந்து நடக்கும் பழக்கமும் வேண்டும்.

விளக்குமாற்றை உதறிய காலத்தில் இருந்த கேள்விதான் இன்றும் இருக்கிறது: மருந்து பயிரின் மேல் விழுகிறதா, மனிதர் மேல் விழுகிறதா? அடுத்த முறை வயலோரம் போகும்போது சற்று நின்று பாருங்கள். விடை உங்கள் கண்ணுக்கே தெரியும்.