மாத்திரைக்கு வந்த பாஸ்புக்

தூத்துக்குடி மாவட்டம் ஏரலில் சாமியாகிக் கும்பிடப்படுகிறவர் ஒரு சேர்மன். ஊர் நிர்வாகத்தின் தலைமைப் பதவியில் இருந்து, 1908 ஆடி அமாவாசை அன்று 28-ஆவது வயதில் மறைந்த அருணாசலம்தான் இன்று சேர்மன் அருணாசல சுவாமி. நோய் தீரும் என்று நம்பி அங்கே திருமண் வாங்கிப் பூசிக்கொள்கிறவர்கள் உண்டு. பதவிப் பெயரோடு சேர்த்தே சாமியைக் கூப்பிடும் ஊர் வேறெங்கும் இருக்கிறதா, தெரியவில்லை. நான் சொல்லவரும் கதையிலும் நாயகர்கள் டாக்டர்கள் இல்லை, நிர்வாகிகள். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து தட்டுப்பாடில்லாமல் வரவழைத்தது எந்த ஆராய்ச்சிக்கூடமும் அல்ல. டெண்டர், குடோன், ஒரு பாஸ்புக்.

1990-களின் தொடக்கம் வரை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு ஒரு சொல் பழக்கம்: “வெளிய எழுதிக் குடுத்துட்டாங்க.” டாக்டர் இருப்பார், சீட்டு இலவசம், மருந்து மட்டும் கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்க வேண்டும். அரசு மருந்தே வாங்கவில்லை என்பதில்லை. மருத்துவக் கல்வி, மருத்துவப் பணிகள், பொது சுகாதாரம் என்று ஒவ்வொரு இயக்குநரகமும் தன் பாட்டுக்கு வாங்கிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் ஒரு மருந்து காலாவதியாகும் வரை கிடக்கும், அடுத்த ஊரில் அதே மருந்து இருக்காது. டின்னில் மொத்தமாக வந்த மாத்திரைகளை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். கடற்கரை மாவட்டத்து ஈரக்காற்றில் திறந்த டின்னின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த மாத்திரையில் பெயரும் இல்லை, அடையாளமும் இல்லை. பின்வாசல் வழியாக வெளியே போனால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது, 1994 ஜூலை 1 அன்று தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவானது. 1995 ஜனவரியில் மருந்து வழங்கத் தொடங்கியது. அதன் உருவாக்கத்தோடு சேர்த்து முதலில் சொல்லப்படும் பெயர் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர். பூர்ணலிங்கம். துறைக்குள் இன்னொரு பிரிவாகத் திறக்காமல், முழுக்க அரசுக்குச் சொந்தமான கம்பெனியாக அதைப் பதிவு செய்தது யோசித்துச் செய்த வேலை. மருந்து கொடுத்தவனுக்கு நேரத்துக்குப் பணம் போக வேண்டும், அதற்குத் துறையைவிடக் கம்பெனிதான் தோது. பணம் இழுபடும் என்று தெரிந்தால் நல்ல கம்பெனி டெண்டர் பக்கமே வராது. வருகிறவனும் அந்த இழுபறியை விலையில் ஏற்றித்தான் போடுவான்.

பட்டியலைச் சுருக்குவதுதான் முதல் வேலை. ஒரே மருந்து பத்துப் பெயரில் விற்கும் நாட்டில், இருநூற்றுச் சொச்சம் மருந்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு மூலப்பெயரில் கேட்டார்கள். இதற்கு முன்னோடி, தூத்துக்குடியிலிருந்து கடல் தாண்டினால் கொழும்பில் இருந்தது. பேராசிரியர் சேனக பிபிலே 1970-களின் தொடக்கத்திலேயே இலங்கை அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் மூலம் பட்டியலைச் சுருக்கி, மூலப்பெயரில் மொத்தமாக வாங்கிக் காட்டினார். உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது அதற்குப் பிறகு, 1977-இல்தான். மாநிலம் முழுவதற்கும் ஒரே கொள்முதல் என்றானதும் பேரம் பேசும் பலம் அரசின் கைக்கு வந்தது.

குறைந்த விலை என்றாலே தரம் பற்றிச் சந்தேகம் வரும், வரத்தான் வேண்டும். அதனால் டெண்டரில் இரண்டு உறைகள் கேட்டார்கள். முதல் உறையில் கம்பெனியின் தகுதி, தயாரிப்பு அனுபவம். அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டும்தான் பிரிப்பார்கள். குடோனுக்கு வந்த சரக்கில் ஒவ்வொரு பேட்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, குறியீட்டு எண் போட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய மருந்து என்று சோதிக்கிறவருக்கே தெரியாது. அறிக்கை சரியாக வந்தால்தான் சரக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும். டின் போய் ஸ்ட்ரிப் வந்தது. அதன் மேல் கழகத்தின் முத்திரையும், அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்ற அச்சும் வந்தன. அந்த அச்சுள்ள அட்டையை ஒரு மருந்துக்கடைக்காரர் துணிந்து கண்ணாடி அலமாரியில் வைக்க முடியாது.

இவ்வளவும் இருந்தாலும் பாஸ்புக் இல்லையென்றால் பாதி வேலைதான் ஆகியிருக்கும் என்பது என் எண்ணம். பழைய முறையில் ஆஸ்பத்திரி கேட்டது ஒன்று, ஸ்டோர் அனுப்பியது ஒன்று. அடுத்த தடவை வருமோ வராதோ என்ற பயத்தில் கிடைத்ததையெல்லாம் வாங்கி அடைத்துவைப்பார்கள். கழகம் இதைத் திருப்பிப் போட்டது. பெரியாஸ்பத்திரி முதல் ஆரம்ப சுகாதார நிலையம் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்புக். அதில் மருந்துக் கணக்கு இல்லை, ரூபாய்க் கணக்கு. இந்த வருடம் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம், பட்டியலில் எது வேண்டுமானாலும். மாவட்டக் குடோனில் எடுக்க எடுக்க வரவும் கழிவும் பதிவாகும். எந்த மருந்து வேண்டும் என்பதை, தொகைக்குள் நின்று, அந்தந்த ஊர் டாக்டரே முடிவு செய்யலாம். விலை கூடிய ஆன்டிபயாட்டிக்கைத் தேவையில்லாமல் எழுதினால் பாஸ்புக் சீக்கிரம் காலியாகும். அதை அவரே பார்ப்பார். எந்த ஊரில் எது எவ்வளவு போகிறது என்ற தகவல் தானாகவே கம்ப்யூட்டரில் சேர்ந்து, அடுத்த கொள்முதலுக்குக் கணக்கானது. அரசு அலுவலகங்களில் தட்டச்சுப் பொறி ராஜ்ஜியம் நடந்த 1990-களில் குடோன் இருப்பைக் கம்ப்யூட்டரில் வைத்தார்கள்.

ஏரல் கடைத்தெருவில் தலைமுறையாகப் பித்தளைப் பாத்திரம் விற்கிற குடும்பத்தாரிடம் இதைச் சொன்னால், இதில் என்ன அதிசயம் என்றுதான் கேட்பார்கள். மொத்தமாக வாங்கு, எடை போட்டுப் பார்த்துப் பணம் கொடு, எது ஓடுகிறது என்று பேரேட்டைப் பார். அரசாங்கம் இந்த வியாபாரப் புத்திக்கு வர 1994 ஆனது.

கேரளம் 2000-களின் பிற்பகுதியிலும், ராஜஸ்தான் 2011-லும் இதே வார்ப்பில் கழகங்களைத் தொடங்கின. இங்கே எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. டெண்டர் எடுத்த கம்பெனி கைவிரித்தால் மாநிலம் முழுவதும் ஒரே சமயத்தில் அந்த மருந்துக்குத் தட்டுப்பாடு வரும். ஒரே இடத்தில் வாங்குவதன் விலை அது. அதனால்தான் பட்ஜெட்டில் ஒரு சிறு பகுதியை ஆஸ்பத்திரிகள் உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ள விட்டிருக்கிறார்கள். பட்டியலில் இல்லாத மருந்துக்கு இன்றைக்கும் “வெளிய”தான்.

நோயும் மாறிவிட்டது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வந்து ஐந்து நாள் மாத்திரையோடு முடிந்த கூட்டம் குறைந்து, சாகும்வரை தினமும் மாத்திரை வேண்டிய சுகர், பிரஷர்காரர்கள் பெருகினார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்த மாத்திரையை வீட்டுத் திண்ணைக்கே கொண்டுபோனது. பாராட்டெல்லாம் அந்தத் திட்டத்துக்குப் போனது, நியாயம்தான். ஆனால் தன்னார்வலரின் பையில் போட மாத்திரை கையிருப்பு இருக்க வேண்டுமே, அதைப் பேசியவர்கள் குறைவு. 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, ஏரல் பாலம் துண்டிக்கப்பட்டபோது, ஊருக்குள் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்த மருந்துதான் ஊருக்கு மருந்து.

2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு முழுவதும் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மூலப்பெயர் மருந்துகளைக் குறைந்த விலைக்கு விற்கும் கடைகள். இலவசச் சீட்டுக்குள் இருந்த மலிவு, இந்தக் கடைகள் வழியாகத் தனியார் டாக்டரிடம் போகிறவரையும் தேடி வந்தது. சிக்கல் அந்த டாக்டரின் பேனாவில் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் பட்டியலைப் பார்த்து மூலப்பெயர் எழுதுகிறார்கள். கிளினிக்கில் பிராண்டுப் பெயர் எழுதுகிறார்கள். அந்தச் சீட்டோடு வருகிறவரிடம், இதுவும் அதே மருந்துதான் என்று கடையில் நிற்கும் பார்மசிஸ்ட் ஒவ்வொரு தடவையும் சொல்லி நம்ப வைக்க வேண்டும். பாஸ்புக்கில் அதற்கு வழி எழுதப்படவில்லை.