எடையில் சிக்காத ஓசை: கல்வராயன் அடிவாரத்துப் பழந்தாளங்களை ஒப்பிடும் முறை

1. எல்லை

கல்வராயன் மலையின் கிழக்கு அடிவாரத்தில், கோமுகி அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது கச்சிராயபாளையம். இந்த வட்டாரத்தில் தெருக்கூத்தில் தாளம் உண்டு. மார்கழிப் பஜனையில் ஜால்ரா உண்டு. கோயில் மேளத்திலும் தாளம் இல்லாமல் ஆகாது. மிருதங்கத்துக்கும் முகவீணைக்கும் பெயர்பெற்ற வித்வான்கள் இருக்கிறார்கள். தாளக்காரரைப் பின்பாட்டுக்காரராகவே ஊர் நினைவில் வைத்திருக்கும். அவர் கையிலிருந்த வெண்கலத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

பழைய தாளம் ஒன்று பாத்திரக் கடைக்குப் போனால் அங்கே அதை அளக்க ஒரே கருவி தராசுதான். சேகரிப்போரில் பலரும் அதே தராசைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். கனமானது நல்லது, நல்லது பழையது என்று கணக்கு ஓடுகிறது. இரண்டுமே தவறு. தாளத்தின் அலகு தனித்தட்டு அல்ல, ஜோடி. ஒப்பீடும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. தொன்மை

கல்வராயனுக்கு வடக்கே உள்ள செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடியது மலைபடுகடாம். கூத்தர்கள் சுமந்து செல்லும் இசைக்கருவிகளின் பட்டியல் அதன் தொடக்கத்திலேயே வருகிறது. அதில் பாண்டில் என்னும் கஞ்சதாளமும் உண்டு. உலோகத்தை உருக்கி மெல்லிய தகடாக்கிச் செய்தது என்ற வர்ணனையோடு அதைப் புலவர் சொல்கிறார். ஆகவே கூத்தும் தாளமும் இந்த மலைப்பக்கத்துக்கு நேற்று வந்தவை அல்ல.

3. உலோகமும் உருவாக்கமும்

வெண்கலம் செம்பும் தகரமும் சேர்ந்தது. பித்தளை செம்பும் துத்தநாகமும். நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் தகரம் சேர்ந்தால் வெண்கலம் வெளிர்மஞ்சளாகும், கடினமாகும், நெடுநேரம் ஒலிக்கும். ஆனால் மெல்ல ஆறவிட்டால் கண்ணாடி போல நொறுங்கும். சிவக்கக் காய்ச்சிச் சூட்டோடு சுத்தியால் அடித்து, பிறகு தண்ணீரில் தோய்த்தால் அந்த நொறுங்கும் குணம் அடங்கிவிடும். எஃகு தோய்த்தால் விறைக்கும். இந்த வெண்கலமோ தோய்த்தால் இணங்கும். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த மெல்லிய கிண்ணங்கள் இந்த முறையில் ஆனவை என்பதைத் தொல்லுலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசனின் ஆய்வுகள் காட்டின. கேரளத்துப் பையங்காடியில் அதே கைவேலை அண்மைக்காலம் வரை தொடர்ந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

மேலைநாட்டு டிரம்ஸில் தொங்கும் சிம்பலும் இதே உலோகக் குடும்பம்தான். இஸ்தான்புல்லில் ஆர்மீனியரான அவெடிஸ் 1623-இல் நிறுவிய சில்ஜியான் பட்டறையின் கலவை ஏறத்தாழ எண்பது பங்கு செம்பு, இருபது பங்கு தகரம். குடும்பத்தின் ஒரு கிளை 1929-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஆலை தொடங்கியது. இஸ்தான்புல்லில் கையால் அடித்த பழைய 'கே' வகைச் சிம்பல்களை மேலைநாட்டுச் சேகரிப்போர் முத்திரையைப் பார்த்தே காலம் கணிக்கிறார்கள். நம் தாளங்களில் அப்படி முத்திரை எதிர்பார்க்க முடியாது. தட்டின் உடம்பைத்தான் படிக்க வேண்டும்.

நம் ஊரில் எல்லாத் தாளமும் அடித்துச் செய்ததல்ல. உள்ளங்கைக்குள் அடங்கும் குழிந்த தாளம் பெரும்பாலும் வார்த்துக் கடைந்தது. அகன்று மெலிந்த பிரம்மதாளத்தில்தான் சுத்தியின் வேலை அதிகம். வார்ப்பில் ஊசித்துளைகள் தெரியும். கடைசலில் வட்டக் கோடுகள் சீராக ஓடும். கையால் அடித்ததில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். விளிம்பை விரலிடுக்கில் சுற்றிப் பார்த்தால் தடிமன் கூடிக் குறையும். விற்கும்போது எல்லாவற்றையும் 'கையால அடிச்சது' என்பார்கள். கேட்டுக்கொள்ளலாம், நம்ப வேண்டியதில்லை.

4. ஒப்பீடு

ஜெர்மானியரான கிளாட்னி 1787-இல் தகடுகளின் மேல் மணலைத் தூவி, அதிர்வின் கோலங்களைக் கண்ணுக்குக் காட்டினார். பிற்காலத்தில் உறுதிப்பட்ட விதி இது: ஒரே உலோகத்தில் தட்டையான வட்டத்தகட்டின் சுருதி தடிமனுக்கு நேர்விகிதம், விட்டத்தின் இருமடிக்கு எதிர்விகிதம். தராசை இங்கே வைத்துப் பார்ப்போம். ஒரே எடையுள்ள இரண்டு தகடுகள். ஒன்றின் விட்டம் 6 செ.மீ., மற்றதன் விட்டம் 7 செ.மீ. அகன்றது அதே எடைக்குள் மெலிந்தும் போவதால், அதன் சுருதி சிறியதன் சுருதியில் 54 சதவீதம்தான் வரும். ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே. குழிவு கூடினால் சுருதி மேலேறும் என்பதால் தாளத்தில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் எடை மட்டும் எதையும் சொல்லாது என்று காட்ட இது போதும்.

எனவே விட்டம், விளிம்பில் பல இடங்களின் தடிமன், குழிவின் ஆழம், எடை நான்கையும் சேர்த்தே குறிக்க வேண்டும். கயிற்றில் தொங்கவிட்டு மரக்குச்சியால் விளிம்பைத் தட்டிச் சுருதியையும், ஓசை அடங்கும் நேரத்தையும் எழுத வேண்டும். கைபேசியே இதற்குப் போதுமான கருவி. கரகரத்து உடனே அடங்கினால் கீறல் இருக்கிறது.

5. இணை

நட்டுவாங்கத்தில் ஒரு தட்டு எஃகு, மற்றது வெண்கலமோ பித்தளையோ, வேறுபாடு வெளிப்படை. கூத்துத் தாளத்திலும் ஜால்ராவிலும் இரண்டும் ஒரே உலோகம். ஆனாலும் இரண்டின் சுருதியும் மயிரிழை விலகி நிற்கும்போதுதான் ஓசைக்கு உயிர். ஒன்று நொடிக்கு 2000 முறையும் மற்றது 2006 முறையும் அதிர்ந்தால், சேர்ந்த ஓசை நொடிக்கு ஆறு முறை ஏறி இறங்கும். அந்த அலைதான் காதில் இழைகிறது. எடை பொருந்துகிறதே என்று வேறொரு தட்டைக் கொண்டுவந்து ஜோடி சேர்த்தால் இந்த அலை போய்விடும். அதன் பிறகு அங்கே இருப்பது உலோகம் மட்டுமே.

ஜோடி அசலா என்பதைத் தேய்மானம் சொல்லும். ஆண்டுக்கணக்காகக் கயிறு இழுத்த துளை ஒரு பக்கம் நீண்டிருக்கும். அடிக்கும் தட்டின் விளிம்பிலும் அடிபடும் தட்டின் முகத்திலும் உள்ள வடுக்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். புளி போட்டுப் பளபளவென்று துலக்கி வைத்திருக்கும் தாளத்தில் இந்தச் சான்றுகள் பாதி அழிந்திருக்கும். துலக்கியதற்குக் கூடுதல் விலை கேட்பவரிடம் நான் குறைத்தே கேட்பேன்.

6. சேகரிப்போருக்கு

தாளத்தின் பாதி வரலாறு அதைத் தட்டியவரிடம் இருக்கிறது. எந்த ஜமாவில் (கூத்துக் குழுவில்) ஒலித்தது, எந்தக் கூத்துக்குப் பின்பாட்டு நின்றது, யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதை வாங்கும் அன்றே அவர் வாயால் கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். அவரையே ஒருமுறை தட்டச் சொல்லுங்கள். பழைய கயிற்றை அவிழ்க்காதீர்கள். ஒற்றைத் தட்டு மட்டும் விலைக்கு வந்தால், பணம் கொடுப்பதற்கு முன் மற்றது எங்கே என்று அந்த வீட்டில் தேடச் சொல்லுங்கள்.