நியூ ஹோர்ன் (டச்சு வணிகக் கப்பல்)

நியூ ஹோர்ன், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தமான வணிகக் கப்பல். 1618 டிசம்பர் 28 அன்று நெதர்லாந்தின் டெக்சல் தீவிலிருந்து ஜாவாவுக்குப் புறப்பட்டது. முதல் மாதத்திலேயே புயலில் சேதமடைந்தது. 1619 நவம்பர் 19 அன்று, சுந்தா நீரிணையை எட்டச் சில நாட்களே இருந்த நிலையில், தீப்பிடித்து வெடித்துச் சிதறியது. சுமார் 1,100 டன் கொள்ளளவுள்ள இக்கப்பலில் புறப்படும்போது 206 பேர் இருந்தனர். இதன் கேப்டன் வில்லெம் ஐஸ்பிரான்ட்ஸ் போன்டெகூ (1587–1657), வட ஹாலந்தின் ஹோர்ன் துறைமுகத்துக்காரர். அவர் எழுதிய பயணக் குறிப்பு 1646இல் அச்சாகி, 17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில் மிக அதிகமாக வாசிக்கப்பட்ட நூல்களுள் ஒன்றாயிற்று. கப்பலைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி அந்த நூலிலிருந்தே வருகிறது. கப்பலை இழந்தவரே எழுதிய கதை அது என்பதை வாசிக்கும்போது மறக்கலாகாது.

கப்பலும் அதிகாரமும்

பழவேற்காடு, நாகப்பட்டினக் கோட்டைகளால் தமிழ்நாட்டுக்கு அறிமுகமான இக்கம்பெனி, 1602இல் ஆறு நகரங்களின் கூட்டு முதலீட்டில் உருவானது. ஹோர்ன் அவற்றுள் ஒன்று. கப்பலின் பெயருக்கும் அதுவே மூலம். அன்றைய ‘வணிகக் கப்பல்’ என்பதை இன்றைய சரக்குக் கப்பலைப்போல எண்ணிவிடக் கூடாது. ஸ்பானியரும் போர்த்துகீசியரும் எதிரிகளாக உலவிய கடலில் அது பீரங்கியும் வெடிமருந்தும் சுமந்தே சென்றது. மாதக்கணக்கில் ஓடுவதற்கான உப்பிட்ட இறைச்சி, காய்ந்த ரொட்டி, எண்ணெய், பிராந்தி, கொல்லுலைக்கான நிலக்கரி எல்லாம் ஒரே வயிற்றில், பீப்பாய்மேல் பீப்பாயாக அடுக்கப்பட்டிருந்தன. இந்தக் கப்பலைக் கொன்றது அந்த அடுக்குதான், கடல் அல்ல.

கப்பல் ஓட்டுவது கேப்டனின் வேலை என்றாலும், கம்பெனியின் சார்பில் வரும் வணிகர் அவருக்குச் சமமாகவோ மேலாகவோ மதிக்கப்பட்டார். நியூ ஹோர்னில் அந்த இடத்தில் இருந்தவர் ஹைன் ரோல். இருவருக்குமிடையே நடந்த ஒரு வாக்குவாதம் பின்னால் பல உயிர்களின் கணக்கை மாற்றியது.

முதல் புயல்

ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய சில நாட்களில், 1619 ஜனவரி 5 இரவு, பேரலைகள் கப்பல்மேல் ஏறி உடைந்தன. மேல்தளத்தில் நீர் நிரம்பியது. அணியத்தில் உள்ள பீரங்கிச் சாளரங்கள் திறந்துகொண்டன, மூழ்குகிறோம் என்று ஆட்கள் அலறினர். போன்டெகூ முன்னால் ஓடிப் பார்த்தபோது சாளரங்கள் மூடியேதான் இருந்தன. தளத்தின் மூடிகளைத் திறந்து நீரைக் கீழே இறங்கவிட்டு, தோல் வாளிகளால் இறைக்கச் சொன்னார். ஆனால் இறைக்க நிற்க இடமில்லை. மாலுமிகளின் துணிப்பெட்டிகள் தளங்களுக்கிடையே மிதந்து, கப்பல் சாயும் பக்கமெல்லாம் பாய்ந்து ஆட்களின் கால்களில் மோதின. கடைசியில் கடப்பாரையால் அந்தப் பெட்டிகளை உடைத்து நொறுக்கிய பிறகே வேலை நடந்தது. ஒரு மாலுமிக்குக் கப்பலில் சொந்தம் என்று இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

அந்த மாதத்திலேயே நடுப்பாய்மரம் விரிசல் விட்டது. நடுக்கடலில் மாற்று மரத்துக்கு வழியில்லை. மேல் துண்டை இறக்கி, முட்டுக்கொடுத்து, கயிற்றால் இறுக்கிச் சுற்றி, அதை வைத்தே ஓட்டினார்கள். வழியில் நியூ சீலண்ட், எங்க்ஹவுசன் என்ற இரு கம்பெனிக் கப்பல்களோடு சேர்ந்து சென்றது. எங்க்ஹவுசன் சோழமண்டலக் கரைக்குப் போகவேண்டியிருந்ததால் பின்னர் பிரிந்து சென்றது.

நோயும் தீவுகளும்

நன்னம்பிக்கை முனையில் கரையிறங்காமலே கடந்தது பெரிய தவறாக முடிந்தது. மடகாஸ்கரை நெருங்கும்போது சுமார் நாற்பது பேர் ஸ்கர்வியில் படுத்திருந்தனர். புதிய காய்கனி இல்லாமல் மாதங்கள் ஓடினால் ஈறு வீங்கி, பழைய காயங்கள் மீண்டும் பிளந்து, கால்கள் வலுவிழக்கும் நோய் இது. வைட்டமின் சி குறைவே காரணம் என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் உறுதியாயிற்று. ஆனால் கரையில் கால் வைத்தால் குணமாகும் என்பது அன்றைய மாலுமிகளுக்கும் தெரியும். மடகாஸ்கரில் அலையடிப்பால் இறங்க முடியாமல், கப்பல் மஸ்கரீன் தீவுகளை நோக்கித் திரும்பியது. இன்றைய ரெயூனியன் தீவில் மூன்று வாரம் தங்கினார்கள்.

அப்போது அங்கே மனிதர் யாரும் வசிக்கவில்லை. மரத்தடியில் இருபதுக்கும் மேலான ஆமைகள் கூட்டமாகக் கிடந்தன. பறவைகளுக்கு மனிதரைக் கண்டு அஞ்சத் தெரியவில்லை. கோலால் அடித்தே பிடித்தனர். ஒன்றைப் பிடித்து அழுத்தினால் அது கத்தும். அதை மீட்கப் பறந்துவரும் மற்றவையும் அகப்படும். கொழுத்து நடக்கவே திணறிய ஒரு பறவையையும் போன்டெகூ குறிப்பிடுகிறார். பிழைத்த நோயாளிகளின் கதை இது. அந்தத் தீவுகளின் பறவையினங்கள் அழிந்த கதையின் முதல் பக்கமும் இதுவே. பின்பு மடகாஸ்கரின் கிழக்கே உள்ள செயின்ட் மேரி தீவில் உள்ளூராரிடம் பழமும் பாலும் மாடும் பண்டமாற்றாக வாங்கி, கிழக்கு நோக்கிச் சென்றனர். மோசமான கட்டம் முடிந்தது என்றே எல்லாரும் எண்ணியிருப்பார்கள்.

தீ

நவம்பர் 19, பிற்பகல். பண்டசாலைக்காரரின் உதவியாள் மறுநாள் காலைப் பங்கீட்டுக்கான பிராந்தியை எடுக்க மெழுகுவத்தியோடு அடித்தளத்துக்கு இறங்கினார். இரும்பு விளக்குத் தண்டை மேலடுக்குப் பீப்பாயின் மரத்தில் குத்தி நிறுத்திவிட்டு, கீழடுக்குப் பீப்பாயிலிருந்து சிறு பீப்பாய்க்கு நிரப்பினார். முடித்து விளக்கைப் பிடுங்கும்போது எரியும் திரித்துணுக்கு ஒன்று பீப்பாயின் திறந்த வாய்க்குள் விழுந்தது. பிராந்தி பற்றிக்கொண்டு பீப்பாய் வெடித்தது. எரியும் சாராயம் அடியில் கிடந்த கொல்லுலைக் கரிமேல் ஓடியது.

வாளி வாளியாக நீர் ஊற்றினார்கள்; தீ அணைந்ததாகத் தோன்றியது. அரைமணி நேரத்தில் மீண்டும் கூச்சல். கரி உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தது; மேலே மூன்று நான்கு அடுக்குப் பீப்பாய்கள் மறைத்ததால் ஊற்றும் நீர் கனலை எட்டவில்லை. கந்தகப் புகையில் கீழே இறங்கியவர்கள் மூச்சுமுட்டி விழுந்தனர். வெடிமருந்தைக் கடலில் எறிந்துவிடலாம் என்று ரோல் சொன்னார். போன்டெகூ மறுத்தார். தீயை அணைத்தபின் எதிரிக் கப்பல் வந்தால் மருந்தில்லாமல் என்ன செய்வது என்பது அவர் வாதம். அந்த நேரத்தில் அது முட்டாள்தனமான வாதம் அல்ல. ஆனால் தீ மருந்தறையை எட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அவர் தவறாகக் கணித்தார்.

இதற்கிடையில், பின்னால் கட்டி இழுத்துவந்த பெரிய படகிலும், இடைஞ்சலாக இருக்கிறதென்று நீரில் இறக்கிய சிறு படகிலும் ஆட்கள் ஓசையின்றி இறங்கத் தொடங்கினர். ரோலும் இறங்கிவிட்டார். விஷயம் தெரிந்ததும் போன்டெகூ செய்தது வியப்பூட்டும்: எரியும் கப்பலின் பாய்களை விரித்து, தப்பியோடும் படகுகள்மேல் ஏற்றி அவற்றை மூழ்கடிக்கப் பார்த்தார். படகுகள் காற்றுக்கு எதிர்ப்பக்கம் விலகித் தப்பின. இதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். அச்சமும் ஆத்திரமும் அன்று எந்த அளவில் இருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதன் பின்னர் எஞ்சியவர்கள் பக்கப் பலகையைத் துளைத்துக் கடல்நீரை உள்ளே விட முயன்றனர். உள்பலகையும் தடித்த மரமும் விடவில்லை. எண்ணெய்ப் பீப்பாய்கள் பற்றின. அப்போதுதான் மருந்தை எறியத் தொடங்கினார்கள். சுமார் 60 அரைப்பீப்பாய்கள் கடலில் விழுந்தன. ஏறத்தாழ 300 உள்ளே இருந்தபோது கப்பல் வெடித்தது. அந்தக் கணத்தில் 119 பேர் கப்பலில் இருந்ததாக போன்டெகூ கணக்குச் சொல்கிறார். சிதறிய மரங்களுக்கிடையே அவரும் ஹார்மன் என்ற இளைஞனும் மட்டும் உயிரோடு மிதந்தனர். படகிலிருந்து ஊதுகொம்புக்காரர் ஒரு கயிற்றோடு நீந்திவந்து கேப்டனை இழுத்தேற்றினார். அவருக்கு முதுகிலும் தலையிலும் காயம். படகில் இருந்த மருத்துவர் ரொட்டியை மென்று காயத்தில் வைத்துக் கட்டினார்.

படகில் பதின்மூன்று நாள்

பெரிய படகில் 46 பேர், சிறியதில் 26 பேர், ஏழெட்டு ராத்தல் ரொட்டி, குடிநீர் இல்லை, திசைகாட்டி இல்லை. இரவெல்லாம் திசை தெரியாமல் துடுப்புப் போட்டுக் களைத்தவர்களிடம், துடுப்பை வையுங்கள், சட்டைகளைக் கழற்றுங்கள் என்றார் போன்டெகூ. சட்டைகளைச் சேர்த்துத் தைத்துப் பாயாக்கினார்கள். ஒருவரிடம் கவராயம் இருந்தது. அதைக்கொண்டு படகின் பின்பலகையில் சுமத்ரா, ஜாவா, நடுவே சுந்தா நீரிணை என நினைவிலிருந்து வரைபடம் கீறி, சூரியனின் உயரம் அளக்க ஒரு கோலும் செய்துகொண்டனர். பின்னர் 72 பேரும் பெரிய படகுக்கே மாறினர். பாதிப்பேர் கீழே படுக்க, பாதிப்பேர் மேலே உட்கார என்று முறைவைத்தார்கள்.

மழை பெய்தபோது பாயை விரித்துப் பிடித்து இரண்டு சிறு பீப்பாய்களை நிரப்பினர். ஒரு செருப்பின் மூக்கை வெட்டி அளவுக் குவளையாக்கி, ஒவ்வொருவராக வந்து அதில் ஒன்று குடித்துப் போனார்கள். கடற்பறவைகள் கைக்கெட்டும் உயரத்தில் பறந்துவந்து அகப்பட்டன; பறக்கும் மீன்கள் படகுக்குள் விழுந்தன; எல்லாம் பச்சையாகவே தின்னப்பட்டன. இவையும் நீரும் தீர்ந்தபின் சிறுநீரைக் குடித்தனர். சிலர் கடல்நீரைக் குடித்தனர். துப்பாக்கிக் குண்டுகளை வாயில் போட்டு எச்சில் ஊறச் சப்பினார்கள்.

பிறகு வந்தது பசியைவிட மோசமானது. கப்பற் சிறுவர்களை முதலில் கொன்று தின்பது, அடுத்து சீட்டுப் போடுவது என்ற பேச்சு எழுந்தது. கரை அருகில்தான் இருக்கிறது என்று போன்டெகூ மன்றாடினார். மூன்று நாள் தவணை கிடைத்தது. அந்தத் தவணைக்குள், டிசம்பர் 2 அன்று, பதின்மூன்றாம் நாள், கரை தெரிந்தது. தேங்காய் காய்த்துக் கிடந்த ஒரு தீவு. அளவின்றித் தின்று பலர் வயிற்றுவலியில் புரண்டனர்.

சுமத்ராவின் மேற்குக் கரையில் உணவு வாங்கப் போனபோது இன்னொரு இழப்பு நேர்ந்தது. எருமை வாங்க ஆற்றின் வழியே தோணியில் சென்ற போன்டெகூ, தோணிக்காரர்கள் தன்னைக் கொன்றுவிடுவார்களோ என்ற அச்சத்தை மறைக்க உரத்துப் பாடிக்கொண்டே திரும்பினார். மறுநாள் உள்ளூரார் பெருங்கூட்டமாகத் தாக்க, பதினைந்துக்கும் மேற்பட்டவர்களை இழந்து மற்றவர்கள் படகேறினர். அக்கரையோர மக்கள் ஐரோப்பியக் கப்பல்களோடு ஏற்கெனவே என்ன பட்டிருந்தார்கள் என்பதை நூல் சொல்வதில்லை.

சுந்தா நீரிணையில் பிரடெரிக் டி ஹவுட்மன் தலைமையில் 23 டச்சுக் கப்பல்கள் நங்கூரமிட்டிருந்தன. சட்டைப் பாயோடு வந்த விந்தைப் படகைத் தொலைநோக்கியில் கண்டு ஹவுட்மன் ஆளனுப்பினார். மலாய் மொழிக்கு ஐரோப்பியர் அச்சிட்ட முதல் அகராதியை 1603இல் வெளியிட்டவர் இவரே. பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் போன்டெகூவுக்கு வேறு கப்பல் கொடுத்தார். கப்பலை இழந்ததற்குத் தண்டனை எதுவும் இல்லை.

ஹாலண்டியா, 1625

கிழக்கில் ஐந்தாண்டுகள், சீனக் கரையில் கம்பெனி நடத்திய கொள்ளைகள் உட்பட, பணியாற்றியபின் போன்டெகூ ஹாலண்டியா என்ற கப்பலில் ஊர் திரும்பினார். 1625 பிப்ரவரியில் அது கவுடா, மிடில்பர்க் என்ற கப்பல்களோடு மிளகு ஏற்றிப் புறப்பட்டது. மார்ச்சில் இந்தியப் பெருங்கடலின் நடுவே சூறாவளி பிடித்தது. ஹாலண்டியாவின் நடுப்பாய்மரம் கடலில் போயிற்று. அடித்தளத்தில் ஏழடி நீர். பம்புகளை அடித்தால் நீருக்குப் பதில் மிளகு வந்தது. சரக்கு நீரில் அவிழ்ந்து பம்புகளை அடைத்துக்கொண்டது. விலையுயர்ந்த சரக்கே கப்பலை மூழ்கடிக்கும் நிலை. பம்புகளை மேலே தூக்கி, அடியில் மிளகு புகாதபடி மறைப்புக் கட்டி இறக்கிய பிறகே நீர் குறைந்தது.

விடிந்தபோது ஓரிடத்தில் கடல்நீர் பழுப்பாக, மிளகு மணத்தோடு கிடந்தது. கவுடா அங்கேதான் மூழ்கியது என்று முடிவுகட்டினார்கள். மிடில்பர்க் பாய்மரங்களை எல்லாம் இழந்திருந்தது. அதற்குத் தன்னிடமிருந்த மரங்களில் சிலவற்றைக் கொடுத்துவிட்டு ஹாலண்டியா மடகாஸ்கரின் செயின்ட் லூஸ் விரிகுடாவுக்குச் சென்று, மரம் வெட்டிப் புதிய பாய்மரம் நட்டது. மிடில்பர்க் மடகாஸ்கரின் அன்டோங்கில் விரிகுடாவுக்குப் போய்ச்சேர்ந்தது. அதில் வந்தவரும், 1616இல் தென்னமெரிக்க முனையைச் சுற்றிய முதல் பயணத்தின் கேப்டனுமான வில்லெம் ஷவுட்டன் அங்கே இறந்தார். அக்கப்பல் ஊர் திரும்பவில்லை. ஹாலண்டியா 1625 நவம்பரில் நெதர்லாந்தை அடைந்தது.

நூல்

ஊர் திரும்பிய போன்டெகூ அதன்பின் கிழக்கே கப்பலோட்டவில்லை. அச்சகர் யான் டாய்ட்டல் கேட்டு வெளியிட்ட பின்னரே, நிகழ்ச்சிகள் நடந்து இருபதாண்டுகளுக்கு மேல் கழித்து, குறிப்பு நூலானது. ஆண்டவன் காத்தான் என்ற தொனி அதில் அடிக்கடி ஒலிக்கிறது. வெடிமருந்து பற்றிய வாக்குவாதத்தில் ரோல் சொன்னதை போன்டெகூ வாயாலேயே கேட்கிறோம். ரோலின் சொந்தக் கூற்று நூலில் இல்லை. யோஹான் ஃபாப்ரீசியஸ் 1924இல் இக்கதையைக் கப்பற் சிறுவர் மூவரின் கண்வழி இளையோர் நாவலாக்கினார். 2007இல் அது திரைப்படமாகவும் வந்தது. ஹோர்ன் துறைமுக மதில்மேல் கடலைப் பார்த்தபடி இருக்கும் சிறுவர் சிலை அந்த நாவலின் பாத்திரங்களுக்கானது.