ஒர்லாண்டோ கோஸ்டாஸ்: ஹிஸ்பானிக் சபை நாட்டலும் ஊழியப் பயிற்சியும்

ஒர்லாண்டோ கோஸ்டாஸ் (1942–1987) அமெரிக்க ஹிஸ்பானிக் புராட்டஸ்டண்ட் மரபின் முதன்மையான அருட்பணியியல் பேராசிரியர்களுள் ஒருவர். நற்செய்தி இயக்கத்துக்கும் விடுதலை இறையியலுக்கும் பாலம் அமைத்தவர் என்றே ஆய்வாளர்கள் அவரைப் பெரும்பாலும் மதிப்பிடுகின்றனர். அம்மதிப்பீடு சரியே, ஆனால் அவரது சபை வளர்ச்சிக் கோட்பாட்டின் வேர் போதகப் பணியில் இருப்பதை அது மறைத்துவிடுகிறது.

புவேர்த்தோ ரிக்கோவின் போன்சே நகரில் பிறந்த கோஸ்டாஸ், சிறுவயதிலேயே குடும்பத்துடன் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் குடியேறினார். 1957இல் பில்லி கிரஹாமின் நியூயார்க் கூட்டங்களில் மனந்திரும்பினார். தென் கரோலினாவில் பாப் ஜோன்ஸ் பள்ளியில் எதிர்கொண்ட இன மேட்டிமை அவரைத் தம் லத்தீன் அமெரிக்க வேர்களின் பக்கம் திருப்பியது. கிறிஸ்துவிடம், தம் பண்பாட்டிடம், ஏழைகளின் உலகத்திடம் என மும்முறை மனமாற்றம் அடைந்ததாக அவரே பின்னாளில் கூறினார்.

மூன்றாவது மாற்றம் நிகழ்ந்த இடம் மில்வாக்கி. 1920களிலேயே தோல் பதனிடும் ஆலைகள் மெக்சிகோவிலிருந்து ஆள் சேர்த்த நகரம் அது. புவேர்த்தோ ரிக்கோ மக்கள் பின்னர் வந்து சேர்ந்தனர். 1960களின் பிற்பகுதியில் அங்கே ஸ்பானிய மொழி பாப்டிஸ்ட் சபையொன்றின் போதகராக இருந்த கோஸ்டாஸ், லத்தீன் அமெரிக்கரின் குடிமை உரிமைகளுக்காக ஓர் அமைப்பு உருவாகவும் துணைநின்றார். வேலை, வீடு, பள்ளி ஆகியவை சபையாரின் அன்றாடக் கவலைகளாக இருந்த அந்த இடத்தில் ஞாயிறு வருகைக் கணக்கை மட்டும் வைத்துச் சபையை அளக்க இயலவில்லை.

அக்காலத்தில் அமெரிக்க அருட்பணியியலில் செல்வாக்குப் பெற்றிருந்தது டொனால்ட் மெக்கவ்ரனின் சபை வளர்ச்சிப் பள்ளி. இந்தியாவில் பிறந்து அங்கேயே நெடுங்காலம் பணியாற்றிய மெக்கவ்ரன், மக்கள் தம் இனக்குழுவை விட்டு விலகாமலே கிறிஸ்தவராக முடிந்தால் சபை விரைந்து பெருகும் என்றார். கோஸ்டாஸ் 1974இல் வெளியிட்ட நூலில் எண்ணிக்கையைத் தள்ளிவிடவில்லை; அதனோடு உள்ளுறவு, விசுவாசத்தைப் பற்றிய சிந்தனை, சமூகத்தில் ஆற்றும் தொண்டு ஆகிய மூன்றையும் சேர்த்தார். புலம்பெயர்ந்தோர் சபைக்கு இத்திருத்தம் மிக அவசியமானது. ஸ்பானிய மொழி முதல் தலைமுறையை எளிதில் ஒன்றுசேர்க்கும்; ஆனால் ஆங்கிலத்தில் வளரும் பிள்ளைகளைச் சபைக்குள் நிறுத்த மொழி ஒன்றே போதாது.

ஊழியப் பயிற்சியிலும் சிக்கல் இதே வகையானது. பகலில் கூலி வேலை, மாலையில் பிரசங்கம் என வாழும் போதகரால் விடுதியில் தங்கி மூன்றாண்டுகள் படிக்க முடியாது; பட்டப்படிப்பு இல்லாதவருக்கு இறையியல் கல்லூரியின் வாசலே அன்று திறக்கவில்லை. எனவே 1926இல் ஆலிஸ் லூஸ் கலிபோர்னியாவிலும் ஹென்றி பால் டெக்சாஸிலும் தொடங்கிய வேதாகமப் பள்ளிகள் போன்றவையே நாட்டப்பட்ட சபைகளுக்கு ஆள் தயாரித்தன. 1963இல் குவாத்தமாலாவின் பிரஸ்பிட்டேரியன் கல்லூரி, மாணவர் இருக்கும் ஊருக்கே பாடத்தைக் கொண்டுசென்றது. 1976இல் எல்டின் வில்லஃபாஞே பாஸ்டனில் தொடங்கிய நகர ஊழியப் பயிற்சி மையம் கறுப்பின, ஹிஸ்பானிக் சபைத் தலைவர்களை அவர்கள் ஊழியம் செய்த நகரத்துக்குள்ளேயே கற்பித்தது.

கோஸ்டாஸின் பாதை வேறு. 1970களைக் கோஸ்டா ரிக்காவில் கற்பித்தலிலும் போதகப் பயிற்சியிலும் கழித்த அவர், 1976இல் ஆம்ஸ்டர்டாமில் முனைவர் பட்டம் பெற்றார். 1980இல் ஃபிலடெல்ஃபியாவின் ஈஸ்டர்ன் பாப்டிஸ்ட் கல்லூரியில் அருட்பணியியல் கற்பித்தபடியே ஹிஸ்பானிக் படிப்புகளுக்கும் பொறுப்பேற்றார். 1984இல் ஆண்டோவர் நியூட்டன் இறையியல் கல்லூரியின் கல்விப் புலத் தலைவரானார். கிறிஸ்து நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்னும் எபிரேயர் 13ஆம் அதிகாரச் செய்தியை தம் 1982ஆம் ஆண்டு நூலின் அச்சாக்கிய ஒருவர் மையக் கல்வி நிறுவனமொன்றின் நிர்வாகியானதில் முரண் உண்டு. சபையிலிருந்து பேராசிரியர் பதவிக்கு அவர் ஏறிய படிகள் பெரும்பாலான ஹிஸ்பானிக் போதகர்களுக்கு எட்டாதவை. ஆளுமையால் திறந்த வாசல், சேர்க்கை விதிகள் மாறாதவரை அந்த ஆளுமைக்கு மட்டுமே பயன்படும். 45ஆம் வயதில் புற்றுநோயால் அவர் இறந்தபோது அவ்விதிகள் பெரிதும் அப்படியே இருந்தன.

அவற்றை மாற்றும் வேலை கூட்டுமுயற்சியாகவே முன்னேறியது. வரலாற்றாசிரியர் ஹூஸ்டோ கொன்சாலெஸ் முன்னின்ற ஹிஸ்பானிக் இறையியல் கல்விச் சங்கம் 1991இல் உருவானது. பின்னாளில் அது வேதாகமப் பள்ளிகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சான்று பெற்ற பள்ளிகளின் மாணவர்கள் இளங்கலைப் பட்டம் இல்லாமலும் முதுகலை இறையியல் படிப்புக்கு விண்ணப்பிக்க அதனால் வழி கிடைத்தது.