25 பவுண்டு கடனும் ஒரு காரும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவின் பழைய சேதக் ஸ்கூட்டரை முழுசாகக் கழற்றி எங்கள் டெய்ரி ஃபார்ம் வீட்டுத் திண்ணையில் பரப்பிவிட்டேன். (டெய்ரி ஃபார்ம் என்றதும் மாடுகளைக் கற்பனை செய்ய வேண்டாம். போர்ட் பிளேரில், அதாவது 2024லிருந்து ஸ்ரீ விஜயபுரத்தில், அது ஒரு குடியிருப்புப் பகுதி. மாற்றலாகி வந்த இந்த இரண்டு வருடத்தில் நான் இங்கே பார்த்த பால் எல்லாம் பாக்கெட்டில்தான்.) பெரியவனுக்கு எட்டு வயது, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான். சின்னவளுக்கு மூன்று, ஒரு நட்டை வாயில் போடப் பார்த்தாள். வீட்டம்மா வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். திட்டுவதைவிட அது மோசம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

கிளட்ச் பிளேட்டும் கார்புரேட்டர் சாமானும் சென்னை புதுப்பேட்டையிலிருந்து கப்பலில் வரவேண்டும். அதுவரை கை சும்மா இருக்கிறது. ரொம்ப நாளாக எழுத நினைத்த ஒரு கதையை இப்போது எழுதிவிடுகிறேன். வீட்டிலேயே கார் கட்டுகிறவர்களின் கதை. நான் பி.காம்., மெக்கானிக் இல்லை. அதனால் இதில் இன்ஜினைவிட வரியும் லைசென்சும்தான் அதிகம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009ல் கோவைக்குப் பக்கத்தில் ஒரு கிளையில் நான் புது ஆபீசர். ஒரு நாள் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் மனைவி, கைக்குழந்தையோடு வந்தார். ஒன்றேகால் லட்சம் லோன் வேண்டும். எதற்கு என்றால், கார் கட்டி முடிக்க. விபத்தில் நசுங்கிய மாருதி 800லிருந்து இன்ஜின், கியர்பாக்ஸ் எடுத்து, வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் குழாய் வெல்டிங் செய்து சட்டகம் போட்டிருந்தார். போட்டோ ஆல்பமே கொண்டு வந்திருந்தார். கல்யாண ஆல்பம் மாதிரி, ஒட்டிப் பக்கத்தில் தேதி எழுதி.

நான் ஃபார்மை எடுத்துக் கேட்டேன். டீலர் கொட்டேஷன்? இல்லை. சேசிஸ் நம்பர்? இல்லை. ஆர்.சி. யார் பேரில் வரும்?

"வண்டி முடிஞ்சாத்தானுங்க சார் ஆர்.சி.," என்றார்.

ஆதார் எல்லாம் வராத காலம். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க அவர் வெளியே போனார். அந்தம்மா குரலைத் தாழ்த்தி, "குடுக்க முடியாதுன்னே சொல்லிருங்க சார். ரெண்டு வருசமா ராத்திரி பத்து மணிக்கு மேல அந்தக் கொட்டாயிலதான் இருக்கறாரு. பாப்பா மொகத்தப் பாக்கறதுக்கும் நேரமில்லைங்க" என்றார். நான் எப்படியும் கொடுத்திருக்க முடியாது. எந்த ஃபார்மிலும் அந்தக் காருக்குக் கட்டம் இல்லை. ஆனால் யாருக்காக இல்லை என்று சொன்னேன் என்ற குழப்பம் மட்டும் இன்னும் இருக்கிறது.

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். இந்த ஆசைக்குத் தனியாக ஒரு கட்டம் போட்டு வைத்த ஊர் அது.

காலின் சாப்மன் என்று ஒருவர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கட்டுமானப் பொறியியல் படித்தவர். படிக்கும்போதே பழைய கார் வாங்கி விற்கிற வியாபாரம் வேறு. 1948ல் ஒரு பழைய ஆஸ்டின் செவனை எடுத்துப் பிரித்து முதல் காரைக் கட்டினார். எங்கே? காதலி ஹேசல் வில்லியம்ஸின் அப்பா அம்மா வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜில். (நம்மூரில் வருங்கால மாமனார் வீட்டுக் கொல்லையில் போய் வெல்டிங் வைக்க முடியுமா, யோசித்துப் பாருங்கள்.) 1952 ஜனவரி 1ஆம் தேதி லோட்டஸ் இன்ஜினியரிங் கம்பெனி ஆரம்பமானது. ஹேசல் கொடுத்த 25 பவுண்டு கடன்தான் அதற்கு முதல். ஜாமீன் இல்லை, கொட்டேஷன் இல்லை. 1954ல் இருவருக்கும் கல்யாணம். என் சர்வீசில் இதைவிட நன்றாகத் திரும்பி வந்த கடனை நான் பார்த்ததில்லை.

லோட்டஸ் அப்போது கார்களைப் பெரும்பாலும் பாகங்களாகவே விற்றது. காரணம் வரி. பிரிட்டனில் 1940லிருந்து 'பர்ச்சேஸ் டாக்ஸ்' என்று ஒன்று இருந்தது. முழுக் காருக்கு அது உண்டு, பாகங்களாக வாங்கி வீட்டில் நீங்களே பூட்டிக்கொண்டால் கிடையாது. 1957ல் வந்த லோட்டஸ் செவன், வரியோடு சேர்த்து முழு வண்டியாக 1,036 பவுண்டு. பெட்டியில் பாகங்களாக வாங்கினால் 536. நடுவில் உள்ள 500 பவுண்டில் பூட்டுகிற கூலியும் அடக்கம்தான், ஆனால் பெரிய பங்கு வரி. கையில் காசு குறைவாகவும் ஞாயிற்றுக்கிழமை காலியாகவும் இருந்த இளைஞனுக்கு இது போதாதா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வரிவிலக்கு வேண்டுமானால் பெட்டியோடு பூட்டும் முறைக் குறிப்பு தரக்கூடாது என்று விதி. சாப்மன் கம்பெனி கழற்றும் முறைக் குறிப்பைக் கொடுத்தது என்பார்கள். வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தால் கார் வந்துவிடும். ஆடிட்டர் நண்பர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் எழுந்து நின்று கும்பிடுகிறார்கள்.

1973 ஏப்ரலில் பர்ச்சேஸ் டாக்ஸ் போய் வாட் வந்தது. பாகங்களுக்கும் வரி விழுந்தது, சந்து அடைபட்டது. அதே வருடம் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் என்ற கம்பெனிக்குப் போனது. வரி லாபம் போனதோடு பழக்கமும் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. கேட்டர்ஹாம் இன்றைக்கும் பெட்டியில் பாகங்களாக விற்கிறது. 1996ல் ரான் சாம்பியன் என்ற பள்ளி ஆசிரியர், 250 பவுண்டுக்குள் நீங்களே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ஒரு புத்தகம் போட்டார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றை வாங்கிப் பிரித்து, இரும்புக் குழாயை அறுத்து வெல்டிங் வைத்துச் செவன் மாதிரி ஒன்றைக் கட்டுவது. அதைப் பார்த்துக் கார் கட்டியவர்கள் ஏராளம். பிள்ளை தூங்கிய பிறகு கராஜில் விளக்குப் போட்டுக்கொண்ட அப்பாக்களும் அதில் அடக்கம்.

நம் பக்கம் வருவோம். சாப்மன் பிறப்பதற்கு முன்பே இந்த வித்தை தெரிந்த ஒருவர் கோயமுத்தூரில் இருந்தார். ஜி.டி. நாயுடு, 1893ல் கலங்கலில் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஹோட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றவில்லை. பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டினார். காலேஜ் கிடையாது, குறிப்புப் புத்தகம் கிடையாது. கழற்றிய வரிசையைத் திருப்பினால் பூட்டும் வரிசை. 1920ல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் தானே ஓட்டினார். பிறகு அது யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியானது. 1937ல் அவருடைய முயற்சியில் மின்மோட்டார் கோவையிலேயே தயாரானது. கோவை மோட்டார், பம்ப்செட் ஊரானதற்கு அது ஒரு தொடக்கம்.

அதே நாயுடு 1952ல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். அரசு லைசென்ஸ் தரவில்லை. உற்பத்தி நின்றுபோனது.

அந்த வருடத்தைக் கவனியுங்கள். 1952 ஜனவரியில் லண்டனில் 25 பவுண்டில் லோட்டஸ் கம்பெனி. 1952 மே மாதம் நம் நாட்டில் தொழில் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு குறிப்பிட்ட தொழில்களில் எதைச் செய்வதென்றாலும் டில்லி அனுமதி. சாப்மனுக்கு அரசாங்கம் உதவி செய்தது என்று சொல்ல முடியாது. வரிதான் போட்டது, ஆனால் வரியில் ஒரு சந்து இருந்தது. நம்முடைய சுவரில் சந்தே இல்லை.

அந்தக் காலத்துத் திட்டக்காரர்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் கணக்கிலும் நியாயம் இருந்தது. அந்நியச் செலாவணி இல்லாத நாடு, இருக்கிற இரும்பை நாலு பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒருவரும் உருப்பட மாட்டார்கள் என்று நினைத்தார்கள். வெறுமனே பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்சும் ஃபோர்டும் 1950களின் நடுவில் கடையைக் கட்டிவிட்டுப் போனது அந்தக் கொள்கையால்தான். ஆனால் மிச்சமிருந்த பெரிய கம்பெனிகளும் ஆரம்பத்தில் என்ன செய்தன? மெட்ராஸில் 1948ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார், இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்த பாகங்களை வைத்து வேன்கார்டு காரைப் பூட்டியது. அதுவும் கிட் கார்தான், பூட்டிய கொட்டகை பெரிசு.

நாயுடு தனி ஆள் இல்லை. மராட்டியத்தில் இச்சல்கரஞ்சியில் சங்கர்ராவ் குல்கர்ணி என்பவர் 1949லேயே 'மீரா' என்ற சின்னக் காரைக் கட்டினார். 1970கள் வரை மாற்றி மாற்றிப் புதுப்புது மாடல். சாலையில் ஓடியது, உற்பத்திக்கு வரவில்லை. 1970ல் வருடத்துக்கு 50,000 சின்னக் கார் செய்ய அனுமதிக் கடிதம் கிடைத்தது யாருக்கு? இங்கிலாந்தில் ரோல்ஸ்ராய்ஸில் பயிற்சி எடுத்துவிட்டு, டில்லியில் ஒரு பட்டறையில் கார் கட்டிக்கொண்டிருந்த சஞ்சய் காந்திக்கு. கொட்டகையில் கட்டுகிறவனுக்கும் லைசென்ஸ் கிடைக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது, அம்மா பிரதமராக இருந்தால். அந்தக் கம்பெனி கடைசிவரை காரை விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. பிறகு அரசு எடுத்து, சுசுகியோடு சேர்ந்து 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது.

அந்த 800தான் நம்மூர் கொட்டகைகளுக்கு உயிர் கொடுத்தது. 796 சிசி, சின்ன இன்ஜின், எங்கும் கிடைக்கும் பாகங்கள். கோவை கரிவரதன் அதை எடுத்துக் குழாய்ச் சட்டகத்தில் வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். 1988ல் ஃபார்முலா மாருதி என்று பந்தயமே ஆரம்பமானது. நரேன் கார்த்திகேயன் கார் பந்தயம் தொடங்கியது அந்த வண்டியில்தான், 2005ல் அவர் ஃபார்முலா ஒன் வரை போனார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995ல் விமான விபத்தில் போய்விட்டார். கோவையில் உள்ள பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான்.

என்னிடம் ஆல்பம் கொண்டு வந்தவரும் இந்த வழியில் வந்தவர் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவர் ஊர் அவருக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார்.

லோன் கொடுத்திருந்தால் மட்டும் கார் ரோட்டுக்கு வந்திருக்குமா? கார் தொழிலுக்கான லைசென்ஸ் 1993லேயே போய்விட்டது. ஆனால் 1989ஆம் வருட மோட்டார் வாகன விதிகளில் 126ஆவது விதி இருக்கிறது. மாதிரி வண்டி புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை அமைப்பில் தேற வேண்டும். லட்சம் கார் விற்கும் கம்பெனிக்கு அந்தச் செலவு ஒரு காருக்கு டீ காசு. ஒரே கார் கட்டுகிறவருக்கு முழுச் செலவும் அந்த ஒன்றின் தலையில். காஸ்ட் அக்கவுண்டன்சி முதல் பாடம். இருக்கிற வண்டியை மாற்றிக் கட்டலாம் என்றால் 52ஆவது பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

விதியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் வெல்டிங் வைத்த பிரேக் பெடலை நம்பி என் பிள்ளைகளை ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை. பிரிட்டனும் 1998லிருந்து இப்படிக் கட்டிய கார்களைச் சோதிக்கிறது. ஆனால் ஒற்றை வண்டிக்கென்றே தனிச் சோதனை. கட்டியவர் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுகிறார், தேறினால் நம்பர்.

கார் என்ன, விமானமே இருக்கிறது. ஆலப்புழைக்காரர் அசோக் தாமராக்ஷன், முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவரின் மகன், இங்கிலாந்தில் இன்ஜினியர். மனைவி, இரண்டு சின்னப் பெண்கள். நாலு பேரும் போக இரண்டு இருக்கை விமானம் போதாது என்று, தென்னாப்பிரிக்காவிலிருந்து ஸ்லிங் விமானத்தின் கிட்டை வரவழைத்து, கொரோனா ஊரடங்கில் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் கட்ட ஆரம்பித்தார். 18 மாதம், சுமார் 1,40,000 பவுண்டு. 2022ல் பறந்தார்கள். இளைய மகளின் பெயரைத்தான் விமானத்துக்கு வைத்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது, ரேஷன் கார்டு ஜெராக்ஸோடு திரும்பி வந்த முகம். அசோக் வீட்டில் கொட்டகை விளக்கு எத்தனை மணிக்கு அணைந்தது, அதைப் பற்றி அவர் மனைவி என்ன சொன்னார் என்றுதான் எனக்கு அறிய ஆசை.

2011ல் ஒரு வசூல் வேலையாக அந்த லேத்காரர் தெருவுக்குப் போனேன். கொட்டகை அப்படியே இருந்தது. சட்டகம் வெளியே வேப்பமரத்தடியில் நின்றது, அதன் மேல் பாவாடை சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் குழந்தைக்கு மூன்று வயது இருக்கும், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். வாயால் ஹாரன் அடித்தாள். நான் வண்டியை நிறுத்தாமல் வந்துவிட்டேன்.

கப்பல் நாளைக்கு ஹேடோ வரும் என்கிறார்கள். திண்ணையில் விரித்த பழைய பேப்பர் மேல் பெரியவன் பாகங்களைக் கழற்றிய வரிசையில் அடுக்கி, சாக்பீஸால் நம்பர் போட்டு வைத்திருக்கிறான். 23ஆம் நம்பரைக் காணோம். சின்னவளை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.