விடைத்தாளை நம்பிய பென்னி

ஒவ்வொரு மாணவனும் ஒவ்வொரு விதமாகக் கற்கிறான், ஆகவே எல்லோருக்கும் ஒரே பாடம் கூடாது என்ற கருத்து 1960களில் அமெரிக்காவில் வலுப்பெற்றது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினர் இதற்கென ஒரு முறையை உருவாக்கி, 1964ல் ஓக்லீஃப் என்ற தொடக்கப்பள்ளியில் கொண்டுவந்தனர். சுருக்கமாக ஐ.பி.ஐ. என்பார்கள். ஆசிரியர் வகுப்பு முழுவதற்கும் பாடம் நடத்துவது இதில் குறைவு. மாணவன் தனக்குரிய பயிற்சித் தாளைத் தன் வேகத்தில் செய்து, விடைத்தாளோடு சரிபார்த்து, தேர்வில் சுமார் 80 சதவீதம் எடுத்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!

1973ல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர், இம்முறையில் இரண்டாம் வகுப்பிலிருந்தே படித்துவந்த ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் அவன் பெயர் பென்னி. வயது 12. ஆசிரியரின் கணிப்பில் நன்றாகப் படிக்கும் பையன்.

2/10ஐத் தசமமாக எழுதச் சொன்னால் அவன் 1.2 என்றான். 2ம் 10ம் கூட்டினால் 12, நடுவில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். 4/11க்கும் 1.5, 11/4க்கும் 1.5. இரண்டும் எப்படி ஒன்றாகும் என்ற சந்தேகமே அவனுக்கு வரவில்லை. 0.3ஐயும் 0.4ஐயும் கூட்டினால் 0.07 என்றான். இரண்டு புள்ளி இருப்பதால் விடையிலும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வேண்டுமாம். இதே விதியைப் பெருக்கலில் போட்டால் 0.7 × 0.5 = 0.35 என்று சரியான விடை வந்துவிடுகிறது! இருப்பாய்வு சமமாகிவிட்டால் கணக்கில் பிழையே இல்லை என்று நினைப்பதைப் போன்றதுதான் இதுவும்.

பென்னி சிந்திக்காதவன் அல்ல. 1/2ம் 2/4ம் ஒன்று என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் விடைத்தாளில் ஒன்றுதான் இருக்கும். மற்றதை எழுதினால் தவறு. ஆகவே கணித விதிகள் யாரோ இஷ்டத்துக்கு வைத்தவை, விடைத்தாளில் இருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் மாணவன் வேலை என்ற முடிவுக்கு வந்திருந்தான். அவனுடைய அறிவு முழுவதும் அந்த ஊகத்திலேயே செலவானது. "ஏன் இப்படிப் போட்டாய்?" என்று உட்கார்ந்து கேட்க அந்த முறையில் ஆள் இல்லை. கேட்டிருந்தால் 0.07 ஒரே நாளில் வெளியே வந்திருக்கும்.

எர்ல்வாங்கர் பிறகு சில வாரங்கள் பென்னிக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். கணக்கில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. விதிகளைப் பற்றி அவன் மனதில் ஊறியிருந்த எண்ணம் மட்டும் அவ்வளவு எளிதில் மாறவில்லை.