டண்ட்ரம் நிறுத்தம்: செத்துப் பிழைத்த ஒரு ரயில் பாதை



அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் ஓடும் ட்ராமுக்கு 'லுவாஸ்' என்று பெயர். ஐரிஷ் மொழியில் அதற்கு 'வேகம்' என்று பொருள். இதன் பச்சைத் தடத்தில், நகரின் தென்புறம் இருக்கும் ஒரு புறநகர் நிறுத்தம்தான் டண்ட்ரம். அங்கே ட்ராம் நிற்கும் இடத்தை ஒட்டி ஒரு பழைய ரயில் நிலையக் கட்டடமும் இருக்கிறது. ட்ராம் நிறுத்தத்துக்கு எதற்கு ரயில் நிலையம்? இதற்கு விடை தேடினால் 150 வருடக் கதை வருகிறது!

1854 ஜூலை 10ஆம் தேதி டப்ளினிலிருந்து பிரே என்ற கடலோர ஊருக்கு ஒரு ரயில் பாதை திறக்கப்பட்டது. டண்ட்ரம் நிலையமும் அன்றுதான் பிறந்தது. நகருக்குள் இந்தப் பாதை முடியும் இடம் ஹார்கோர்ட் தெரு. அதனால் 'ஹார்கோர்ட் தெருப் பாதை' என்ற பெயரே நிலைத்தது. நூறு வருடங்களுக்கு மேல் ஓடியது. 1930களில் ஜேம்ஸ் டிரம் என்ற அயர்லாந்து விஞ்ஞானி உருவாக்கிய பேட்டரி ரயில்கூட இதில் ஓடியிருக்கிறது என்றால் ஆச்சரியமாக இல்லையா?

ஆனால் 1950களில் காரும் பஸ்ஸும் பெருகின. ரயிலில் கூட்டம் குறைந்தது. ஹார்கோர்ட் தெரு நிலையத்துக்கு நகரின் மற்ற ரயில் நிலையங்களோடு இணைப்பு கிடையாது. பிரேக்குப் போகக் கடற்கரை வழியாக இன்னொரு ரயில் பாதையும் இருந்தது. 'நஷ்டத்தில் ஓடுவதை ஏன் வைத்திருக்க வேண்டும்?' என்பது அரசுப் போக்குவரத்து நிறுவனத்தின் கணக்கு. அப்போது அதன் தலைவர் டாட் ஆண்ட்ரூஸ். 1958 டிசம்பர் 31 அன்று கடைசி ரயில் ஓடியது. பின்னர் தண்டவாளங்களையும் பெயர்த்துவிட்டார்கள். டண்ட்ரமில் சாலைக்கு மேலே போன ரயில் பாலமும் இடிக்கப்பட்டது.

அதன் பிறகுதான் வேடிக்கை. ரயில் போன கொஞ்ச காலத்திலேயே தென் புறநகர்கள் மளமளவென்று வளர்ந்தன. வயல்வெளி இருந்த இடமெல்லாம் வீடுகள். எல்லோருக்கும் நகரத்துக்குப் போயாக வேண்டும், சாலையிலோ நெரிசல். கூட்டம் இல்லை என்று மூடிய பாதைக்குக் கூட்டம் தானே தேடி வந்தது, ஆனால் ரயில்தான் இல்லை!

கடைசியில் 2004 ஜூன் 30 அன்று, 45 வருடங்கள் கழித்து, செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீனிலிருந்து சாண்டிஃபோர்டு வரை ட்ராம் வந்தது. பெரும்பகுதி அந்தப் பழைய ரயில் தடத்தின் மேலேயேதான். மில்டவுனில் டாடர் ஆற்றின் மேல் நிற்கும் 'ஒன்பது வளைவு' ரயில் பாலம் இடிபடாமல் தப்பியிருந்ததால் ட்ராம் அதன் மேலேயே போகிறது. டண்ட்ரமில் அப்படி முடியவில்லை. இடித்த பாலத்துக்குப் பதிலாக, உயர்ந்த தூணிலிருந்து கம்பி வடங்கள் தாங்கும் புதிய பாலம் ஒன்றைக் கட்ட வேண்டியிருந்தது. அதற்கு வில்லியம் டார்கன் பெயர் சூட்டினார்கள். 1834இல் திறக்கப்பட்ட அயர்லாந்தின் முதல் ரயில் பாதையைக் கட்டியவர் அவர். டண்ட்ரமுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தவர் என்பது கூடுதல் பொருத்தம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அயர்லாந்து ரயில் தண்டவாளத்தின் அகலம் 1600 மில்லிமீட்டர். லுவாஸ் ஓடுவது 1435 மில்லிமீட்டரில். அதாவது பழைய தண்டவாளம் அப்படியே கிடந்திருந்தாலும் ட்ராமுக்கு உதவியிருக்காது. உதவியது நிலம் மட்டுமே! வீடுகளுக்கு நடுவே நீளமாக, ஒடுக்கமாக, பெரும்பாலும் கட்டடம் எழும்பாமல் கிடந்த அந்த நிலம்தான் உண்மையான சொத்து. முழுவதும் கூறுபோட்டு விற்றிருந்தால், பிறகு எத்தனை கோடி கொட்டினாலும் ஊருக்கு நடுவே அப்படி ஒரு வழி கிடைத்திருக்குமா?

ஒரு சேவை நஷ்டம் என்றால் நிறுத்தலாம், அது அன்றைய கணக்கு. ஆனால் அதன் வழியையே அழித்துவிட்டால் அடுத்த தலைமுறையின் கணக்கையும் நாமே முடித்துவிடுகிறோம். டண்ட்ரம் மக்களுக்கு அதிர்ஷ்டம், பாலம்தான் போனது, பாதை பிழைத்தது. உங்கள் ஊரில் மூடிக் கிடக்கும் ரயில் பாதை ஏதாவது உண்டா? அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்களேன்...